ரெண்டு ராத்திரி தங்கிட்டு வாங்க!

கடற்கரையில் விடுமுறை கழிப்பது பற்றிப் போன மாதம் எழுதியதற்குக் கரிசல் பக்கத்திலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்: கடலோரம் போய் லீவைக் கழிப்பது வெள்ளைக்காரர் பழக்கம்தானே? நமக்கு எதற்கு?

வெள்ளைக்காரரிலும் முதலில் அது பணக்காரர் பழக்கமாகத்தான் இருந்தது, தங்கச்சி. 1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற இங்கிலாந்து மருத்துவர், கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் நோய் தீரும் என்று புத்தகம் எழுதினார். சீமான்களும் சீமாட்டிகளும் பிரைட்டன் கடற்கரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். கூலிக்காரருக்குக் கடல் கிடைத்தது ரயில் வந்த பிறகு. பிளாக்பூல் என்ற கடலோர ஊருக்கு 1846இல் ரயில் போனது. பக்கத்து லங்காஷயர் முழுவதும் பஞ்சாலை ஊர்கள். ஒவ்வொரு ஊரும் கோடையில் ஒரு வாரம் மொத்தமாக ஆலையை மூடும். இந்த வாரம் ஓல்டாம், அடுத்த வாரம் போல்ட்டன் என்று முறை வைத்து மூடுவார்கள். ஊரே மூட்டையைக் கட்டிக்கொண்டு பிளாக்பூல் ரயிலில் ஏறிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வருஷம் முழுக்க வாராவாரம் சில்லறையாகச் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில்தான் போனார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டேதான், பெயர்தான் வேறு. சம்பளத்தோடு லீவு என்று அங்கே சட்டம் வந்தது 1938இல்.

அந்த ஆலைகளில் ஓடிய பஞ்சில் நம் பஞ்சும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை லங்காஷயர் பருத்திக்குத் தவித்தபோது, திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. நூற்றவருக்குக் கடலோரத்தில் ஒரு வாரம் கிடைத்தது. விளைவித்த சம்சாரியின் பேத்தி நீங்கள். 60 கிலோமீட்டரில் கிடக்கிற கடல் உங்களுக்கு ரெண்டு நாள்கூட ஆகாதா? ‘நமக்கு எதற்கு’ என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

கயத்தாறு வாசகர்: விடிகாலை வேனில் கிளம்பி, சாமி கும்பிட்டு, கடலில் குளித்து, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது போதாதா?

போதாது. கடலுக்கு நல்ல நேரம் ரெண்டுதான்: பொழுது விடிகிற நேரம், சாயங்காலம் ஐந்துக்கு மேல். முதல் நேரத்தில் நீங்கள் வேனில் தூங்குகிறீர்கள், அடுத்த நேரத்தில் திரும்பி வரும் வேனில் தூங்குகிறீர்கள். நடுவே கிடைப்பது சன்னதி வரிசையும் உச்சி வெயிலும். குறைந்தது ரெண்டு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் அசதி தீரும். ரெண்டாம் நாள் காலையில்தான், எங்கேயும் ஓட வேண்டியதில்லை என்று உடம்புக்கே புரியும்.

விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரி: எந்த மாதம் போகலாம்?

உங்கள் வெள்ளாமையே நாள் குறித்துக் கொடுக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. அப்போது கிளம்பச் சொன்னால் நீங்களே என்னை விரட்டுவீர்கள். கடலோரத்துக்கும் அது ஆகாத காலம். ஐப்பசி முதல் மார்கழி தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பி வழியில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்த பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனி பாதிவரை போங்கள். மழை விட்டிருக்கும், வெக்கை இன்னும் ஏறியிருக்காது, கடலும் மட்டாக இருக்கும். பருத்தி எடுப்பு இருந்தால் அதற்கு முன்னால் ஒரு வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு லீவு என்பது சரிதான். ஆனால் மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் விலையும் ஏறிக்கிடக்கும். அப்போதுதான் முடியும் என்றால் காலை எட்டு மணிக்குள் கடலை முடித்துக்கொண்டு மறுபடி சாயங்காலம் போங்கள். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று கடற்கரையில் மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

திருவிழாக் கணக்கையும் பாருங்கள். ஐப்பசி சஷ்டியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா, ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா, செப்டம்பர் 14இல் மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா. விழா பார்க்கப் போகிறவர் தாராளமாகப் போகலாம். ஓய்வுக்குப் போகிறவர் இந்த நாள்களைத் தவிர்த்தால் அறை கிடைக்கும், அதுவும் நியாயமான வாடகைக்கு.

கழுகுமலை வாசகி: கடலா, குற்றாலமா?

ஆனி, ஆடியில் குற்றாலம். தை, மாசியில் கடல். ரெண்டையும் ஏன் சண்டைக்கு விடுகிறீர்கள்?

எட்டயபுரம் ஆசிரியை: இங்கிலாந்தில் பிரைட்டன், பிளாக்பூல் என்று விடுமுறைக்கென்றே வளர்ந்த ஊர்கள் உண்டு. நமக்கு அப்படி எந்த ஊர்?

கடற்கரை நடைபாதை, கடலுக்குள் நீளும் மரப்பாலம், பாட்டு, விளக்கு அலங்காரம் என்று ஓய்வுக்காகவே வளர்ந்த ஊர் நம் கரையில் இல்லை. நம் கடலோர ஊர்கள் எல்லாம் மீனுக்கும் முத்துக்கும் உப்புக்கும் சாமிக்கும் பிறந்தவை. இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் எதை எங்கே எதிர்பார்ப்பது என்று தெரிந்து போக வேண்டும்.

கைக்குழந்தையும் வயதானவரும் கூட வந்தால் தூத்துக்குடி. ஆஸ்பத்திரி, கடை, பஸ், அறை எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் சாயங்காலத்துக்கு ஏற்றவை. துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குப் பொங்கல் சமயத்தில் ஊரே கட்டுச்சோற்றோடு போகும். இந்தக் கரையோரம் ஆழம் குறைவு. புதுத் துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. அந்தத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கோடு போய் வருகின்றன. பழைய துறைமுகப் பக்கம் போனால் வெளியிலிருந்தாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இங்கிலாந்திலும் இதே ஆழக் குறைவுதான் சவுத்எண்ட் ஊரின் பாலத்தை 2 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துவிட்டது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே கரையோரம் வெறும் சேறு. படகு அணைய வேண்டுமென்றால் பாலம்தான் கடலைத் தேடிப் போக வேண்டும்.

சாமியும் கடலும் ஒன்றாக வேண்டுமென்றால் திருச்செந்தூர். கோவில்பட்டியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து வருகிற திருச்செந்தூர் ரயில் நம் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது. அறைக்கு லாட்ஜும் உண்டு, சமுதாய மடங்களும் உண்டு. முதல் நாள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். ரெண்டாம் நாளை வரிசையில் செலவழிக்காதீர்கள். சொன்னால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் மணப்பாடு என்பேன். திருச்செந்தூரில் தங்கி, ஒரு முழு நாளை அங்கே கொடுங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று. அதன் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை. அதற்குள் ஒரு கிணறு, கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்பில்லை. மணல் திட்டின் ஒரு பக்கம் அலை மோதும், மறுபக்கம் குளம் மாதிரி கிடக்கும். அலைச்சறுக்கு விளையாட வெளியூர்ப் பிள்ளைகள் பலகையோடு வருகிறார்கள். சோறும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் எட்டயபுரத்துக்குப் பக்கமென்றால் வேம்பார். வசதி எதுவும் கிடையாது. பனைமரம், படகு, பழைய தேவாலயம், ஆளரவம் குறைந்த கரை. விடிகாலை போய்ப் பத்து மணிக்குத் திரும்ப அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தங்குவதற்கு மட்டும் ஆகாது.

கோவில்பட்டியிலிருந்து ஓர் அம்மா: லண்டனில் இருக்கும் மகன் என்னை பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஸ்வெட்டர். கேலி இல்லை அம்மா. ஆகஸ்டில்கூட அந்தக் கடல்நீர் 17, 18 டிகிரிதான். தாமிரபரணித் தண்ணீரில் குளித்த உடம்பு தாங்காது, காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அதனால் வார்ச்செருப்பு வேண்டாம், அடி தடித்த செருப்பு போடுங்கள். ஜூன், ஜூலையில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டாம். கையில் தின்பண்டம் இருந்தால் கடற்காகம் வந்து பறித்துக்கொண்டு போகும், ஜாக்கிரதை.

ஊருக்குள் ஓர் அரண்மனை இருக்கிறது. கும்மட்டங்களைப் பார்த்தால் வடஇந்தியாவோ என்று தோன்றும். இளவரசருக்காக ஜான் நாஷ் என்பவர் 1815க்குப் பிறகு அந்த வடிவத்தில் மாற்றிக் கட்டியது. முதல் உலகப் போரில், 1914 கடைசியிலிருந்து, பிரான்சில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அது ஆஸ்பத்திரியாக இருந்தது. பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் எழுப்பிய சத்ரி என்கிற வெள்ளைப் பளிங்கு மண்டபம் நிற்கிறது. கொஞ்சம் நடக்க வேண்டும். முட்டி ஒத்துழைத்தால் மகனை அங்கேயும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நம் மண்ணிலிருந்து போகிறவர் ஒருவராவது அங்கே நின்று கும்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சாத்தூர் கல்லூரி மாணவர்: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். கடலில் எவ்வளவு தூரம் போகலாம்?

தம்பி, எங்கே படித்த நீச்சல்? கிணற்றிலும் கம்மாயிலும் என்றால் அது கடலுக்குச் செல்லாது. கிணறு உங்களை இழுக்காது, கடல் இழுக்கும். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள்.

அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாமல், கலங்கலாக, அமைதியாகத் தெரியும். பார்த்தால் அதுதான் குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்கு ஓடுகிற வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வாருங்கள். முடியவில்லை என்றால் கையை உயர்த்திக் கத்துங்கள். வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று, கள்ளக்கடல். வானம் வெளுத்திருக்கும், காற்று இருக்காது, ஆனால் தூரத்துப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். எல்லாரும் உங்கள் வயது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, கிளம்புகிற அன்று செய்தியைப் பாருங்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் ‘இன்னைக்கு எப்படி அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். குடித்துவிட்டு இறங்குகிறவர் கூட இருந்தால் அவரைக் கரையில் உட்கார வைப்பது உங்கள் பொறுப்பு.

இளையரசனேந்தல் வாசகி: சேலையோடு கடலில் இறங்கக் கூச்சமாக இருக்கிறது. ஈரத்தோடு ஏறிவருவதை எல்லாரும் பார்க்கிறார்கள்.

இந்தக் கூச்சம் இங்கிலாந்துப் பெண்களுக்கும் இருந்தது. அதற்காகச் சக்கரம் வைத்த மரக்கூண்டு செய்தார்கள். பெண்கள் உள்ளே ஏறி உடை மாற்றுவார்கள், குதிரை கூண்டைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய் நிறுத்தும், கடல் பக்கத்துக் கதவைத் திறந்து யாரும் பாராமல் இறங்கிக் குளிப்பார்கள். 150 வருஷம் போல அது ஓடியது. பெண்கள் கூச்சப்பட்டபோது அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லாமல் ஒரு வண்டி செய்து கொடுத்தார்களே, அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கிறது.

நம் கடற்கரை ஒவ்வொன்றிலும் பெண்களுக்குப் பூட்டுப் போட்ட, விளக்கு எரிகிற, தண்ணீர் வருகிற உடை மாற்றும் அறை வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை: சேலை வேண்டாம், அலையில் காலைச் சுற்றிக்கொள்ளும், அது ஆபத்தும்கூட. அடர்ந்த நிறச் சுடிதார் போடுங்கள், துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடுங்கள். பெரிய பருத்தித் துண்டு ஒன்று தனியாக எடுத்துப்போங்கள். பெண்கள் நாலைந்து பேராக, விடிந்தும் விடியாத நேரத்தில் இறங்குங்கள். கடலில் நின்று சிரிக்கிற உரிமை யாரும் பார்க்காத நேரத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

திருவேங்கடம் வாசகர்: போகும்போது என்ன கொண்டுபோகலாம், வரும்போது என்ன வாங்கிவரலாம்?

போகும்போது கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பண்டம், அலைந்து விளையாடிய பிள்ளைக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. பிளாக்பூலில் ஊர்ப் பெயர் குச்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளேயே ஓடும்படி செய்த சீனிமிட்டாய் விற்பார்கள். வெறும் சர்க்கரை. நம்முடையதில் கடலை இருக்கிறது.

வரும்போது தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. பையின் அடியில் வைத்தால் பொடியாகிவிடும், கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதென்றால் உடைத்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டப்பிடாரம் வாசகர்: கரையில் கிடக்கிற பவளப்பாறைத் துண்டை எடுத்துவரலாமா?

கூடாது. பவளமும் பலவகைச் சங்கும் வனஉயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, கடையில் விற்றாலும் வாங்காதீர்கள். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தது இவற்றைக் காக்கத்தான்.

மீண்டும் கோவில்பட்டி, பஞ்சாலைத் தொழிலாளி: லீவு போட்டால் சம்பளம் போகும். பிறகு எங்கே ரெண்டு ராத்திரி?

1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம், அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு என்று எழுதிவைத்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் காய்ச்சலுக்குமே அந்த லீவைக் கரைத்துவிடுகிறோம். அதில் ரெண்டு நாளைக் கடலுக்கென்று வருஷத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். பணத்துக்கு, லங்காஷயர்க்காரர் வழி இருக்கவே இருக்கிறது. பத்து வீடு சேர்ந்து பங்குனியில் சீட்டு ஆரம்பித்து வாராவாரம் கட்டினால் தை மாதம் ஒரு வேனும் நாலு அறையும் கைக்கு வந்துவிடும். ஒரே நிபந்தனை: அந்தச் சீட்டுப் பணத்தை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. தபாலில் எனக்குச் சத்தியம் எழுதி அனுப்பினாலும் சரி!

சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்களில் கூலிக்கு ஒட்டுகிறவர்களுக்கு இந்த லீவு பல இடங்களில் எட்டுவதே இல்லை. அவர்களுடைய ஓய்வைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது என்னை உறுத்துகிறது. முதலாளிமார் இதைப் படித்தால், சம்பளத்தோடு ரெண்டு நாள் ஆபீஸை மூடி வேன் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாம் வகுப்பு மாணவன், நாலாட்டின்புதூர்: கடல் தண்ணி ஏன் உப்பு? எங்க தோட்டத்துக் கிணத்துத் தண்ணியும் உப்புதானே, அதுவும் கடலா?

நல்ல கேள்வி, தம்பி. மழைத்தண்ணி பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த உப்பை ஆறு கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெயில் தண்ணியை மட்டும் ஆவியாக எடுத்துக்கொள்கிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான வருஷமாக இது நடப்பதால் இப்போது ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் கிணற்றிலும் வேலை அதேதான். கரிசலில் மழை குறைவு, வெயில் அதிகம். மண்ணில் சேர்ந்த உப்பை அடித்துக்கொண்டு போகத் தண்ணி போதாமல் அது கீழே இறங்கிக் கிணற்றில் சேருகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அப்பா, அம்மாவோடு தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள். முத்தையாபுரம் தாண்டியதும் பாத்தி பாத்தியாகத் தண்ணி, பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல், அதுதான் உப்பளம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது இங்கேதான். கொளுத்துகிற வெயிலில், கண் கூசுகிற வெள்ளையில் ஆணும் பெண்ணும் நின்று வாரிக் குவிக்கிறார்கள். பாத்திக்குள் கால் வைக்காதே, விளைந்த உப்பு கலங்கிவிடும். வரப்பில் நின்று கேட்டால் ஒரு கல் உப்பைக் கையில் தருவார்கள். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார், எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.